மரவாழைத் தோட்டத்துச் சாட்சி

துப்பறியும் சென்றாயன் அன்று காலை தன் வீட்டு வாசற்கதவைத் திறக்கப் பயந்தார்.

ஓமலூர்ச் சந்தையில் கத்தியோடு ஓடிய நகைத் திருடனை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்திப் பிடித்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர் ஜன்னலை விரலகலம் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று சாத்திக்கொண்டார். வாசலில் பெருமாயி உட்கார்ந்திருந்தாள்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் சென்றாயன் தாங்கியிருப்பார். அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவருடைய தலை தெரிந்தால் எழுந்து நின்று கும்பிட்டாள். இவர் பிடித்துக் கொடுத்த சடையனின் பெண்டாட்டி இவரையே கும்பிடுகிறாள் என்றால் காலைக் காப்பி எப்படி இறங்கும்?

“இன்னும் இருக்கிறாளா?” என்று கேட்டார்.

“எங்கீங்க போவா? பனமரத்துப்பட்டியில ஊட்டைப் பூட்டிப் போட்டு வந்திருக்கறா” என்றாள் வசந்தாமணி. “கம்பங்கூழு கொண்டுபோயிக் குடுத்தேன். குடிச்சா. உள்ள இருக்கறவருக்கும் இந்த மாதிரி ஏதாச்சும் குடுப்பாங்களா சாமின்னு கேட்டா. எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியுமுங்களா?”

சென்றாயனுக்கும் தெரியவில்லை. ஆட்களைப் பிடித்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும்.

வசந்தாமணி அவருக்கு மனைவி. திருச்செங்கோட்டுக்காரி. அவர் வெளியில் அவளை “என் உதவியாளர்” என்று சொல்லிக்கொள்வார். அவள் அவரை வெளியில் என்ன சொல்லிக்கொள்வாள் என்பதை அவர் விசாரித்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் துப்பறிய விரும்பியதில்லை.

சடையன் கதை இதுதான். சேலம் கோட்டைப் பக்கத்துக் காப்பிக்கொட்டை வியாபாரி கலீலுல்லா சாகிப் ஒருமுறை ஏற்காட்டுக்குக் கொள்முதலுக்குப் போனார். அங்கே வெட்டிச் சாய்த்த மரத்தில் மரவாழைச் செடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரத் துரைகள் ஆர்க்கிட் என்று கொண்டாடுவார்களே, அதுதான். பாவம் பார்த்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். அது பூத்தது. அதோடு சாகிப் தொலைந்தார். அடுத்த கொள்முதலில் இரண்டு செடி வந்தது, அப்புறம் ஒரு கூடை. கொல்லிமலையிலிருந்து தலைச்சுமையாக வந்தது. புழக்கடை நிறைந்து, மாட்டுக்கொட்டாய் காலியாகி, கடைசியில் அவற்றுக்கென்றே ஒரு கீற்றுப்பந்தல் எழும்பியது. சாகிப்போடு சேர்ந்து அத்தனையையும் வளர்த்தவன் தோட்டக்காரன் சடையன்.

இந்தக் கோடையில் செடிகள் சாக ஆரம்பித்தன. சென்றாயனைக் கூப்பிட்டார்கள். அவர் மீசையை முறுக்கிக்கொண்டு போனார். செத்ததெல்லாம் சாகிப்புக்குச் செல்லமான செடிகள் என்று கண்டுபிடித்தார். எது செல்லம் என்று தெரிந்தவன் சடையன் ஒருவன்தான். பொழுது விடியும் முன்னே அவன் பந்தல் தொட்டியிலிருந்த தண்ணீரையெல்லாம் இறைத்துச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தார். தடயத்தை அழிக்கிறான் என்றார். அவன் மூட்டையைப் பிரித்தால் நீலநீலமாக ஒரு பொட்டலம், மயில்துத்தம். விஷம் என்றார். ஆட்டுக் காலில் புண், அதற்குப் போடுகிற மருந்து என்று சடையன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சாகிப் புகார் கொடுத்தார். சடையன் உள்ளே போனான். மறுநாள் காலையில் அவனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

வாசலில் ஜட்கா வந்து நின்ற சத்தம் கேட்டது. வண்டிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

“சாகிப் உடனே கூட்டிட்டு வரச் சொன்னாருங்க. இன்னும் நாலஞ்சு செடி போயிருச்சாமுங்க.”

சென்றாயன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“சடையன் உள்ளே இருக்கும்போதா?” என்றார்.

“ஒண்ணு, அவன் லாக்கப்புக்குள்ள இருந்தே கையை நீட்டோணும்” என்றாள் வசந்தாமணி. “கோட்டை வரைக்கும் எட்டற கையி நான் பாத்ததில்லை. இல்லாட்டி...”

“சொல்லாதே.”

“சொல்லலீங்க. நீங்களே சொல்லிக்குங்க.”

அவர் சொல்லிக்கொள்ளவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பெருமாயி எழுந்து கும்பிட்டாள். ஜட்காவில் ஏறும்வரை சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தார் சென்றாயன். பையில் ஒன்றுமில்லை என்பது வசந்தாமணிக்குத் தெரியும். அந்தப் பையைத் துவைப்பவள் அவள்தான்.

*

கலீலுல்லா சாகிப் பந்தலில் நின்றுகொண்டிருந்தார். ஆள் பெரிய ஆள். மூக்குக்கண்ணாடி நழுவ, கையெல்லாம் கரியாக, தாய் செத்த பிள்ளைபோல் நின்றார்.

வெளியே வெயில் நெருப்பாகக் காய்ந்தது. பந்தலுக்குள் குளுகுளுவென்றிருந்தது. நான்கு பக்கமும் நனைத்த சாக்குகள் தொங்கின. கம்பி கம்பியாகக் கட்டி, ஓட்டை போட்ட மண்சட்டிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். சட்டிக்குள் மண் கிடையாது. கரித்துண்டும் தேங்காய்மட்டையும்தான். செடிகள் அதைக் கவ்விக்கொண்டு, பாதி வேரைக் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன.

“வெறும் காத்துல வேரை விட்டுக்கிட்டு எப்படித்தான் பொழைக்குதோ” என்றாள் வசந்தாமணி.

“அதெல்லாம் பிழைக்கும்மா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணி. அதுவும் கிணத்துத் தண்ணியை அப்படியே ஊத்தக்கூடாது. ராத்திரி முழுக்கத் தொட்டியில ஆறணும். தண்ணி பட்டா வேரு பச்சையாகும், காஞ்சா வெள்ளியாகும். இப்ப பாருங்க.” சாகிப் ஒரு சட்டியைத் திருப்பிக் காட்டினார். வேர் நுனியெல்லாம் கருகியிருந்தது. இலை ஓரம் தீயில் காட்டியதுபோல் சுருண்டிருந்தது. “சடையன் போன பிறகு நானே என் கையால ஊத்துறேன். முந்தி வாரத்துக்கு ஒண்ணு செத்துச்சு. இப்ப தினமும் சாகுது. தப்புப் பண்ணிட்டேனோ சென்றாயன்? முதல் செடியை மரத்துலருந்து பிரிச்சு எடுத்தப்பவே அவன் என்கூட நின்னான். அவன் மேல நான் புகார் கொடுத்தேனே.”

சென்றாயன் குனிந்து ஒரு சட்டியைப் பார்த்தார். பார்க்க அதில் ஒன்றுமில்லை. சாகிப்பின் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது.

சாகிப் பழக்கதோஷமாகச் செம்பைத் தொட்டியில் முக்கி, ஒரு செடிக்கு ஊற்றினார். அடுத்ததற்கு ஊற்றினார். மஞ்சள் பூ ஒன்று தளர்ந்து தொங்கிய செடிக்கு ஒரு செம்பு ஊற்றி, இன்னொரு செம்பும் ஊற்றினார்.

“ஏனுங்க, அதுக்கு மட்டும் ரெண்டு செம்புங்களா?” என்று கேட்டாள் வசந்தாமணி.

“அது கொஞ்சம் செல்லம், அம்மா” என்று வெட்கப்பட்டார் சாகிப்.

“செத்துப்போனதுக்கெல்லாம் எத்தனை செம்புங்க ஊத்துனீங்க?”

சாகிப் யோசித்தார். “எல்லாமே ரெண்டு செம்பு வாங்கினதுதான்.”

வசந்தாமணி புருஷனைப் பார்த்தாள். செல்லமான செடிகள் சாகின்றன என்று அவர் கண்டுபிடித்ததெல்லாம் சரி. ஆனால் செல்லத்தைக் கண்டுபிடித்துக் கொல்ல ஆள் எதற்கு? சாகிப்பின் செம்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து பந்தலுக்குள் ஒரு ஆடு நுழைந்தது. பக்ரீதுக்காக வளர்க்கிற கொழுத்த கிடா. சடையன் இருந்தவரை அதைக் கட்டி வைத்திருந்தான். இப்போது அதட்ட ஆளில்லாமல் அது வீட்டு மாப்பிள்ளைபோல் உலாவியது. யாரையும் சட்டை செய்யாமல் நேரே வந்து, சட்டிகளுக்கு அடியில் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் காய்ந்திருந்த செங்கல்லை நக்க ஆரம்பித்தது.

“தொரத்தினாலும் போறதில்லை” என்றார் சாகிப். “புல்லு போட்டா திங்காம இங்க வந்து கல்லை நக்குது.”

“ஏனுங்க” என்றாள் வசந்தாமணி, மெதுவாக. “அது காலைப் பாருங்க.”

சென்றாயன் பார்த்தார். கிடாவின் முன்னங்கால் குளம்பு ஆறிய புண்ணோடு நீலமாக இருந்தது. மயில்துத்தம் போட்டுக் கழுவிய நீலம்.

“ஆட்டுக்காலுக்குன்னு அவன் சொன்னான்” என்றாள் வசந்தாமணி. “ஆட்டைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க. உங்க விசாரணையில நாலு காலு சாட்சிய உட்டுப்போட்டீங்க.”

வேறு சமயமாக இருந்தால் சென்றாயன் சிரித்திருப்பார். இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மண்டியிட்டார். ஆட்டை ஒதுக்கிவிட்டு, செங்கல்லில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்பு!”

எழுந்து தொட்டிக்கு ஓடினார். ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். கரித்தது.

“அப்படியானால் சடையன் தொட்டியைக் கொட்டியது தடயத்தை அழிக்க இல்லை” என்றார். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. “தண்ணீர் கரிக்கிறது என்று கண்டுபிடித்துக் கொட்டியிருக்கிறான். அவன் அடிக்கடி கொட்டிக் கொட்டி வேறு தண்ணீர் நிரப்பியதால்தான் வாரத்துக்கு ஒன்றோடு நின்றது. கொட்டுகிறவனை நான் உள்ளே தள்ளினேன். இப்போது தினமும் சாகிறது.”

சாகிப் செம்பைப் பார்த்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

சென்றாயன் நிமிர்ந்தார். குற்ற உணர்ச்சி வந்தால் சிலருக்குத் தூக்கம் வரும், சிலருக்கு அழுகை வரும். அவருக்கு உடனே இன்னொரு ஆளைப் பிடித்தாக வேண்டும் என்று வேகம் வரும். “வெள்ளிக்கிழமை தோறும் பூப் பார்க்க வருவாரே, நாமக்கல் வேலுசாமி வக்கீல்? அவரும் செடி வளர்க்கிறார் அல்லவா? இங்கே நல்லதாக ஒன்று பூத்தால் அவர் முகம்...”

“உக்காருங்க” என்றாள் வசந்தாமணி.

“என்ன?”

“இப்பத்தான் ஒருத்தன் பொண்டாட்டி நம்ம வாசல்ல உக்காந்திருக்கறா. இன்னொருத்தியுமா? எடம் பத்தாதுங்க.”

அவர் உட்கார்ந்தார். வசந்தாமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கையை விட்டுத் துழாவினாள். உள்ளங்கையில் பாதி கரைந்த கல்லுப்பு வந்தது.

“விஷமா வெக்கறவன் என்னுங்க பண்ணுவான்? மூட்டையோட கொட்டி நல்லாக் கலக்கி உடுவான். இது கைப்பிடி கைப்பிடியாப் போட்டிருக்குது. கலக்கவே இல்லை. அதும்பாட்டுக்குக் கரையட்டும்னு உட்டிருக்குது. அதுவும் இந்த ஒரு ஓரத்துல மட்டும்.”

அந்த ஓரத்துக்கு மேலே வீட்டுச் சுவர். சுவரில் ஒரு சின்ன ஜன்னல், மரச் சட்டம் அடித்தது. சட்டத்தில் ஒன்று பெயர்ந்திருந்தது. ஒரு கை வெளியே வரும் அளவுக்கு இடைவெளி.

“உப்பை இப்படிப் போடறதைப் பாத்ததில்லீங்களா?” என்று கேட்டாள் வசந்தாமணி. “கண்ணு பட்டா எங்க ஊர்ல உப்பைச் சுத்தி, முச்சந்தியில போடுவம். இல்லாட்டித் தண்ணியில போடுவம். உப்புக் கரையக் கரைய திஷ்டி கரையும். இது கொல்றதுக்குப் போட்ட உப்பு இல்லைங்க. காப்பாத்தறதுக்குப் போட்டது. முச்சந்திக்குப் போக முடியாத ஆளு யாரோ போட்டது.”

சாகிப் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் அவர் வீட்டுக் கோஷாப் பெண்கள் இருக்கும் அறை. இப்போது அங்கே இருப்பது அவர் மனைவி வஹீதுன்னிசா ஒருத்திதான்.

“எங்க வீட்ல அதெல்லாம் செய்யக்கூடாதுன்னு நான் சொல்லி வெச்சிருக்கேன்” என்றார் சாகிப், யாரிடமோ முறையிடுவதுபோல்.

“அதனாலதான் மறைச்சுச் செஞ்சிருப்பாங்க” என்றாள் வசந்தாமணி. “நான் உள்ள போயி ஒரு வார்த்தை பேசிட்டு வாரேன். நீங்க ரெண்டு பேரும் ஆட்டைப் பாத்துக்குங்க.”

*

உள்ளே வஹீதுன்னிசா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். மெலிந்த உடம்பு. வளையல்கள் கையில் தளர்ந்து கிடந்தன. வசந்தாமணி கேள்வி எதுவும் கேட்கவில்லை. பாயில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். வஹீதுன்னிசா டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள்.

“யாரு கண்ணு பட்டுதுன்னு கழிச்சீங்க அக்கா? வர்றவிய போறவிய கண்ணா?”

“வெளியாளு கண்ணு இல்லை” என்றாள் வஹீதுன்னிசா. “என் கண்ணு.”

வசந்தாமணி டம்ளரை வைத்தாள்.

“அவரு கடையிலருந்து வருவாரு. கை கால் கழுவுவாரு. நேரா பந்தலுக்குப் போயிடுவாரு. ஒரு இலை வாடினாலும் தடவிக் கொடுப்பாரு. அது கூடப் பேசுவாரும்மா. என்ன பேசுறாருன்னு இந்தச் சன்னல்ல காதை வெச்சுக் கேப்பேன். பேரு வெச்சுக் கூப்பிடுவாரு. எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தப்ப வாசப்படியில நின்னு ‘இப்ப எப்படி இருக்கு’ன்னு கேட்டாரு. கேட்டுட்டுப் போயிட்டாரு. அன்னிக்குப் பந்தல்ல ஊதாப் பூ ஒண்ணு பூத்திருந்துச்சு. இங்க படுத்துக்கிட்டு அதைப் பார்த்தேன். ‘நீ பட்டுப் போ’ன்னு மனசுக்குள்ள சொன்னேன்.” அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பட்டுப் போச்சு. என் கண்ணுலதான்னு பயந்துட்டேன். உப்பைச் சுத்தித் தொட்டியில போட்டேன். தெருவுக்கு நான் போக முடியாது, கிணத்துல போட்டா குடிக்கிற தண்ணி. இன்னொரு செடி பட்டுச்சு. என் கண்ணு இன்னும் கழியலைன்னு இன்னொரு கைப்பிடி போட்டேன். போடப் போட அதிகமாச்சு. என் மனசு அவ்வளவு கெட்டதான்னு ராத்திரியெல்லாம் அழுதேன்.”

தன் வீட்டிலும் ஒருவர் காலையில் துப்பு என்று போனால் இருட்டிய பிறகு வருகிறார் என்பது வசந்தாமணிக்கு நினைவுக்கு வந்தது. அதை அவள் எப்போதும் கேலியாக்கித்தான் சொல்லியிருக்கிறாள். இந்தப் பெண்ணுக்குக் கேலி வராது போலிருக்கிறது.

“மொதச் செடி இந்த வெயில்ல தானா வாடியிருக்கும். ஏற்காட்டுச் செடி சேலத்து வெயிலைத் தாங்குமா அக்கா?” என்றாள். “உங்க கண்ணுக்கு அவ்வளவு சக்தி இல்லைங்க. உப்புக்குத்தான் இருந்துச்சு. அந்தத் தண்ணியைத்தான் அவரு அத்தனை செடிக்கும் ஊத்தறாரு.”

வஹீதுன்னிசா புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்ப சடையன்?”

அறைக் கதவில் படுதா தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் வந்து நின்ற சென்றாயனிடம் வசந்தாமணி சுருக்கமாகச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். தாழ்ந்த குரலில் வேகமாகப் பேசினார்.

“இதைச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டி பழசு, சுண்ணாம்பும் காரையும் உப்புப் பூத்து இறங்கியிருக்கிறது என்று நான் சாகிப்பிடம் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனிலும் அதையே சொல்கிறேன். சடையனும் வெளியே வந்துவிடுவான். அம்மாளுக்கும் சங்கடமில்லை.”

“உங்களுக்கும் சங்கடமில்லை” என்றாள் வசந்தாமணி.

படுதாவுக்கு உள்ளிருந்து வஹீதுன்னிசாவின் குரல் வந்தது. அந்நிய ஆம்பிளையோடு அவள் பேசுவது அதுதான் முதல் தடவை.

“வேண்டாங்க. என் கண்ணால பட்டுச்சுன்னு நெனச்சவரைக்கும் அது என் பாவம், எனக்குள்ளயே இருந்துச்சு. இப்ப ஒரு மனுசன் கம்பிக்குள்ள இருக்கான். தொட்டி மேல பழியைப் போட்டா, நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? சடையன் ஏதோ சால்ஜாப்பு சொல்லித் தப்பிச்சுட்டான்னு சொல்லும். அவரைக் கூப்பிடுங்க. நானே சொல்றேன்.”

அவரைக் கூப்பிடத் தேவையிருக்கவில்லை. கலீலுல்லா சாகிப் சென்றாயனுக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

“நீ போட்டது ஒரு கைப்பிடி” என்றார் படுதாவைப் பார்த்து. “அதைச் செல்லமான செடியாத் தேடித் தேடி ரெண்டு செம்பா ஊத்தினது நான். காய்ச்சல்ல கிடந்தப்ப நான் வாசப்படியிலதான் நின்னேனா வஹீதா? எனக்கு ஞாபகம்கூட இல்லையே.”

உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. சாகிப் திரும்பி, மனைவியும் ஸ்டேஷனுக்கு வருவதற்காக வண்டியில் திரை கட்டச் சொன்னார்.

*

வழியில் சென்றாயன் வீட்டு வாசலிலிருந்து பெருமாயியையும் ஏற்றிக்கொண்டார்கள். அவள் ஜட்காவில் ஏற மறுத்தாள். வசந்தாமணி இழுத்து ஏற்றினாள். வழியெல்லாம் நடந்ததைச் சொன்னாள். பெருமாயி தெருவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் மேலும் கீழும் பார்த்தார். “இவன்தான் என்று மேசையைத் தட்டிச் சொன்னது நீங்கள்தானே சென்றாயன்?” என்றார்.

“நான்தான்” என்றார் சென்றாயன். “தவறாகச் சொன்னேன்.”

சாகிப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சடையனை வெளியே விட்டார்கள். அழுக்கு வேட்டியோடு, கண்கூசப் படியிறங்கி வந்தான். தெருவில் திரை கட்டிய வண்டி நின்றது. அவன் அதைப் பார்த்ததும் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டான். போகிற வருகிற நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. “சடையா, தொட்டியில உப்புப் போட்டது நான். தெரியாம போட்டேன். என்னாலதான் நீ உள்ள இருந்தே. என்னை மன்னிச்சுடு.”

சடையன் பதறிவிட்டான். வண்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கும்பிட்டான். “நான் ஒண்ணும் பாக்கலீங்கம்மா. அல்லா சத்தியமா நான் எதையும் பாக்கலீங்க.”

சென்றாயனின் தலை மெல்ல நிமிர்ந்தது. இத்தனை நாளில் முதன்முறையாக அவருடைய துப்பறியும் மூளை சரியான திசையில் ஓடியது. ஓடி முடித்தபோது அது ஏன் ஓடியது என்று ஆகிவிட்டது.

பார்த்தாயா என்று சடையனை யாருமே கேட்கவில்லை.

“சடையா” என்றார் சென்றாயன். “ஜன்னல் வழியாகக் கை வந்து உப்புப் போட்டதை நீ பார்த்தாய்.”

“இல்லீங்க.”

“பார்த்துத்தான் தண்ணீரைக் கொட்டினாய். நான் உன்னை அத்தனை கேள்வி கேட்டேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்...”

“தண்ணி கரிச்சுதுங்க. கொட்டினேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாதுங்க.” அவன் குரல் கெஞ்சியது.

“பாத்தாரு!” என்றாள் பெருமாயி.

அவ்வளவு நாளாகச் சும்மா உட்கார்ந்திருந்தவள் அவள்தானா என்று இருந்தது. “எங்கிட்டச் சொன்னாரு. வெளிய மூச்சு உடக்கூடாதுன்னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டாரு. என்னன்னு சொல்லுவாரு சாமி? கோஷா அம்மா கையை நான் பாத்தேன்னு சொன்னா, நீ எதுக்குடா அந்தச் சன்னலைப் பாத்தேன்னு கேப்பீங்க. விஷம் வெச்சான்னு சொன்னா ஜெயிலோட போவும். எட்டிப் பாத்தான்னு சொன்னா எங்க ஊர்ல தலை காட்ட முடியுமா? அந்தம்மாளுக்கும்தான் என்ன பேரு வரும்? அதுக்குப் பயந்துக்கிட்டு வாயத் தொறக்கலை இந்த மனுசன்.” அவள் மூச்சு வாங்கினாள். “கயித்தைக் கட்டி, கடைவீதி முச்சூடும் நடக்க வெச்சுக் கூட்டிட்டு வந்தீங்களே சாமி. அத்தனை சனமும் பாத்துச்சு. எங்களுக்கு மானம் கெடையாதுங்களா?”

சடையன், “உடு புள்ளே” என்று முனகினான். சென்றாயன் கும்பிடலாம் என்று கையைத் தூக்கினார். அதற்குக்கூட அவருக்குக் கூசியது.

வண்டித் திரை அசைந்தது. கறுப்பு புர்காவில் வஹீதுன்னிசா கீழே இறங்கினாள். தெரு மண்ணில் கால் வைத்து, ஒரு கணம் தடுமாறினாள். சாகிப் ஓடிவந்து கை நீட்டினார். அவள் அதைப் பிடித்து நின்றாள். பிறகு விட்டுவிட்டுப் பெருமாயியின் பக்கத்தில் போய் நின்றாள்.

“எந்த வழியா கூட்டிட்டு வந்தாங்க?” என்று கேட்டாள்.

பெருமாயி கையைக் காட்டினாள்.

“வா, அந்த வழியாவே போகலாம். நானும் வர்றேன்.”

வண்டியைச் சும்மா ஓட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு அவர்கள் நடந்தார்கள். பெருமாயியும் வஹீதுன்னிசாவும் ஒன்றாகப் போனார்கள். பின்னால் சடையனும் சாகிப்பும் போனார்கள். சென்றாயன் ஓரமாக ஒதுங்கி வண்டிப் பக்கம் நழுவப் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்க எங்கீங்க போறீங்க?” என்றாள் வசந்தாமணி. “போங்க, முன்னால போங்க.”

அவர் முன்னால் போனார். கடைவீதி முனையில் ஜவுளிக்கடைக்காரர் முழக்கோலோடு வெளியே வந்தார். “என்னங்க சென்றாயன், நீங்க பிடிச்ச திருடனை விட்டுட்டாங்களா?”

“ஆளை மாற்றிப் பிடித்துவிட்டேன்” என்றார் சென்றாயன். “இவன்மேல் குற்றமில்லை.”

“கேக்கலீங்க சாமி” என்றாள் பின்னாலிருந்து பெருமாயி. “இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

சென்றாயன் நின்று சத்தமாகச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரரும் வெளியே வந்து என்னவென்று கேட்டார். அவரிடமும் சொன்னார். கடைவீதி இன்னும் நீளமாக இருந்தது.